பொங்கலுக்கு வந்த மர விசாரணை

இன்று எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். நகரசபையிலிருந்து. மரம் வெட்டிய விவகாரத்தை விசாரிக்க!

முதலில் கதையைச் சொல்கிறேன்.

ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் நகரசபைக் காணி. அதில் கூரை உயரத்துக்கு நாலு கிறிஸ்மஸ் மரங்கள். தை மாதத்து ஒஸ்லோச் சூரியன் ஒரு மரத்துக்குப் பின்னால் எழும்பி, அடுத்த மரத்துக்குப் பின்னால் படுத்துவிடும். வருடக்கணக்காக நாங்கள் பொங்கிப் படைத்தது அந்த மரங்களுக்குத்தான்!

போன இலையுதிர் காலத்தில் அயலவர்கள் எல்லாரும் சேர்ந்து வளவு துப்பரவாக்கும் 'டுக்னாட்' நாள் வந்தது. எல்லாரும் இலை கூட்டினார்கள். என் கணவர் மட்டும் புதுக் கோடாலியோடு வேலியைத் தாண்டினார்.

"பற்றை வெட்டுறன்" என்றார். (பற்றையாம்! நாலு மரமும் சாய்ந்து கிடந்தது.)

பிறகென்ன, நகரசபை பிடித்துக்கொண்டது. வழக்கு வேண்டாம், ஒப்பந்தம் எழுதுவோம் என்றார்கள்: வசந்தத்தில் அதே இடத்தில் அதே இன மரங்களை நட்டு வளர்க்க வேண்டும். இவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வைத்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. வெட்டியது பிழைதான், நடத்தான் வேண்டும். ஆனால் குளிரிலும் இலை கொட்டாத மரம் திரும்ப வளர்ந்தால், பிள்ளைகளுக்குச் சூரியன் பார்த்த பொங்கல் கிடையாது. மரத்தின் இனத்தையாவது மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். இடத்தைப் பார்க்கும்வரை ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார்கள். பார்க்க வருவதற்கு இரண்டு திகதிகள் தந்து, ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அதில் ஒன்று தைப்பொங்கல்!

(நான் எதைத் தெரிவு செய்தேன் என்று வேறு சொல்ல வேண்டுமா?)

"உமக்கென்ன விசரே? நல்ல நாளில ஆரும் விசாரணையை வீட்டுக்குக் கூப்பிடுவினமே?" என்று இவர் துள்ளினார்.

காலையில் உறைபனியில் காஸ் அடுப்பு, பானை, கோலம் எல்லாம் தயார். அதிகாரி மாரித் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். (அவர் பேசியது நோர்வேஜிய மொழி. என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது.)

"ஏன் மரத்தை வெட்டினனீங்கள்?"

"சூரியனுக்கு" என்றார் இவர்.

மாரித் அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்கச் சாம்பல் நிறம்.

"எங்கை சூரியன்?"

இவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப வந்திடும்" என்றார். (பஸ் வருகிற மாதிரி!)

பால் சூடேறிக்கொண்டிருந்தது. தைப்பொங்கல் என்றால் என்ன, ஏன் சூரியனைப் பார்த்துப் பொங்குகிறோம் என்று விளக்கினேன். மாரித் அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"என்ரை ஊர் வடக்கு நோர்வேயில பாட்ஸ்பியோர்ட். அங்கை இன்னும் சூரியன் வரேல்லை, வாற கிழமைதான் வரும். ரெண்டு மாச இருட்டுக்குப் பிறகு முதல் வெளிச்சத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாரையும் வெளியில விடுவினம். சூரியப் பணிஸ் எண்டு இனிப்புப் பணிஸ் செய்து தருவினம். நான் அழுதிருக்கிறன், தெரியுமே?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகில் விலகியது! அந்த நாலு மரமும் நின்ற இடைவெளியால் நேரே வெயில் வந்து பானையில் விழுந்தது. பால் பொங்கி வழிந்தது. பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்த, மாரித் தொப்பியைக் கழற்றி வெயிலுக்கு முகத்தைக் கொடுத்தபடி நின்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்!

பிறகு இரண்டாவது கிண்ணம் பொங்கலோடு தீர்ப்பு வந்தது.

"நாலு மரம் நடத்தான் வேணும், அதில மாற்றமில்லை. ஆனால் 'ரொங்ன்' மரம் நடுங்கோ. கோடையில பச்சை, இலையுதிர் காலத்தில குருவிக்குச் சிவப்புப் பழம், தையில ஒரு இலையும் இராது. சூரியன் ஊடால வரும்."

"ஒழுங்கா வளருதோ எண்டு எப்ப பார்க்க வருவீங்கள்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் இதே நாள். பணிஸ் நான் கொண்டு வாறன்."

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், இவர் இடது பக்கம் நிற்கிற பைன் மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சேரும், அதுவும் கொஞ்சம் மறைக்குதெல்லே?"

நண்பர்களே, யாருக்காவது ஒரு கோடாலி வேண்டுமா? புதுசு மாதிரி, ஒரே ஒருநாள் பாவித்தது. இன்றைக்கே வந்து எடுத்தால் பொங்கலும் உண்டு!