நான் நாவல் எழுதிய மாதம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். முப்பது நாளில் ஒரு நாவல் எழுதி முடித்தேன். இருநூற்றுப் பத்துப் பக்கம், ஒரு நாள்கூட விடாமல். என்னோடு பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். ரிட்டயர் ஆன தமிழாசிரியர்கள், பேங்கு ஆபிசர், காலேஜில் பாடம் நடத்தும் அம்மா எல்லாரும் அதில் உண்டு. கடைசிவரை வந்தது நாலு பேர். அந்த நாலில் முதலில் முடித்தவன் நான்தான். இதை ஏன் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றால், பின்னால் வருவதைச் சொன்ன பிறகு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதிமூன்று வயதில் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் சேர்ந்தேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்து மேலே போடுகிற வேலை. முழங்கை வரைக்கும் தோல் உரியும். முப்பத்திரண்டாவது வயதில் ஆம்பூரில் ஆறு தையல் மெஷினோடு சொந்த யூனிட் போட்டேன், ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட். ஐம்பது வயதில் அறுபது மெஷின். ஜெர்மனிக்காரன் காலிலும் இத்தாலிக்காரன் காலிலும் நான் தைத்தது ஏறியது. எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்தப் பக்கத்தில் இன்னொருவனுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டு பச்சைத்தோலை மூக்கருகே கொண்டு வந்தால், வெள்ளாடா செம்மறியா, உப்பு சரியாகப் போட்டார்களா, எத்தனை நாளில் அழுக ஆரம்பித்தது என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது யூனிட்டை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்குப் பொழுது போகவில்லை. வேலூரில் ஒரு வாசகர் வட்டம், மாதம் ஒரு கூட்டம். அதில் போய் உட்கார்ந்து நான் பட்டதையெல்லாம் பேசுவேன். கைதட்டுவார்கள். ஒரு கூட்டத்தில்தான் முப்பது நாள் நாவல் என்று ஒன்றை அறிவித்தார்கள். தினம் ஏழு பக்கம் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் ஆள் அவுட். நான் கை தூக்கினேன். அதை நடத்துகிற ரிட்டயர்டு வாத்தியார் சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"அய்யா, நீங்க பேசினா நாளெல்லாம் கேக்கலாம். எழுதறது வேற சமாச்சாரம். நீங்க இதுக்கு வாசகரா இருங்களேன்."

அவர் சொல்லி முடிக்குமுன் நோட்டை இழுத்து முதல் பெயராக என் பெயரை எழுதினேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நைனா, செக்குல கையெழுத்து போடவே நீ ரெண்டு நிமிஷம் எடுத்துக்குவ. நாவலா?" என்றான். மருமகள் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறவள். சாயந்திரம் வந்து பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பித் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். என் மனைவி எனக்கு மோர் ஊற்றினாள். நான்தான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது ஷிப்மென்ட்னு வெச்சிக்கோங்க. முப்பதாம் நாள் கண்டெய்னர் கெளம்பியாகணும்" என்றேன்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கண்டெய்னர் கிளம்புகிற தேதி குறித்துவிட்டால், கடைசிப் பத்து நாள் யூனிட்டில் யாருக்கும் லீவு கிடையாது. கல்யாணம், கருமாதி, காய்ச்சல் எல்லாம் ஷிப்மென்ட்டுக்குப் பிறகுதான். என் வீட்டிலும் அதே சட்டம். ஷிப்மென்ட் சமயத்தில் கெட்ட செய்தி எதுவும் என் காதுக்கு வரக்கூடாது. அப்படி ஒரு ஷிப்மென்ட்டில் திமிரியில் என் மாமியார் செத்துப்போனார். என் மனைவி எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், அழுது, எடுத்தவுடன் திரும்பி வந்து ராத்திரிச் சோறு ஆக்கிப் போட்டாள். மூன்றாம் நாள் கண்டெய்னர் போன பிறகுதான், "எங்கம்மா பூட்டாங்க" என்றாள். நான் இதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன் தெரியுமா. இப்படி ஒரு பொண்டாட்டி எவனுக்குக் கிடைப்பாள் என்று மார்தட்டியிருக்கிறேன்.

நாவல் என்று பெயரே தவிர, அதில் இருந்தவன் நான்தான். பெயரை மாற்றி, உயரத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். முதல் நாள் ஏழு பக்கத்துக்கு எட்டு மணி நேரம் ஆனது. விரல் மடங்கவில்லை. மூன்றாம் நாளே ஆறு மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். உற்பத்தியைக் கூட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாலாம் நாள் சனிக்கிழமை. பள்ளிகொண்டா பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் காரை அனுப்பினான். சித்திரை வெயில், பதினொரு மணி. அவள் செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு இறங்கினாள். நான் இறங்கவில்லை. நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு சுற்று சுற்றினாளாம். வெளிப்பிரகாரக் கல் அந்த நேரத்தில் தோசைக்கல். அவளுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். மற்றவர்கள் காலைத் தூக்கித் தூக்கி ஓடிய கல்லில் அவள் நிதானமாக நடந்திருக்கிறாள். யாருக்காக அந்தப் பதினோரு சுற்று என்று அன்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணியவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அவள் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். இன்னா இது புதுசா என்று கேட்டேன். பித்தவெடிப்பு என்றாள். நான் அதோடு விட்டுவிட்டேன். அப்போது குரூப்பில் பதினோரு பேர்தான் மிச்சம் இருந்தோம். பேங்கு ஆபிசர் மூட்டு வலி என்று விலகிவிட்டார். அதை மருமகளைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டுச் சிரித்தேன்.

பதினாறாம் நாள் காலை எழுதிக்கொண்டிருந்தபோது வாடை வந்தது.

மூக்குக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் மனசுக்கு வந்தது. உப்புப் போடாமல் விட்ட தோலின் வாடை. எங்கள் வீட்டில் இது புதிதில்லை. மேற்கே இருந்து காற்று அடித்தால் டேனரி வாடை வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷம் அதோடுதான் சாப்பிட்டோம், தூங்கினோம். நான் தலையைத் தூக்காமல், "காத்து மாறிடிச்சி, அந்த ஜன்னல சாத்து" என்றேன். அவள் மெதுவாக எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"ஆமாங்க, காத்துதான்" என்றாள்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் ஜாஸ்தியானது. மருமகள் வேலை விட்டு வந்ததும் எங்கேயோ எலி செத்துக்கிடக்கிறது என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினாள். நான் அவளைக் கிண்டல் செய்தேன். டேனரி வாடைக்கும் எலி வாடைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஷூ கம்பெனியில் என்னம்மா வேலை பார்க்கிறாய் என்றேன். சாம்பிராணி போடச் சொன்னேன். தினமும் போட்டாள்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த டேனரியை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அது எனக்குத் தெரியாததில்லை. மெஷின்களை லாரியில் ஏற்றிய அன்று, வாசலில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்திலிருந்து எந்த வாடையும் வர வழியில்லை. தெரிந்த விஷயம் தெரிந்த இடத்தில் கிடந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஏழு பக்கம் நின்றுபோயிருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். போர்வைக்குள் உதறிக்கொண்டிருந்தாள். மகன் திருப்பத்தூருக்கு வேலையாகப் போயிருந்தான். காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு எழுதினேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதாகத்தான் என் நினைப்பு. அந்த ஏழு பக்கம் எல்லாவற்றிலும் நன்றாக வந்ததாக வாத்தியார் குரூப்பில் எழுதியிருந்தார்.

மறுநாள் மருமகள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். அத்தைக்குத் துணி மாற்றப் போனவள் திரும்பி என் அறைக்கு வந்து நின்றாள்.

"மாமா, எழுந்து வாங்க."

"ஒன்றர பக்கம் பாக்கி இருக்கும்மா. முடிச்சிட்டு வர்றேன்."

"வந்து அத்தை கால பாருங்க மாமா. அப்புறம் எழுதுங்க."

சாக்ஸைக் கழற்றி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வைத்திருந்தாள். பெருவிரலும் பக்கத்து விரலும் கருத்து வற்றிப்போயிருந்தன. உள்ளங்காலில் பள்ளம். கணுக்காலுக்கு மேல் வரை பச்சையும் நீலமுமாக ஏறியிருந்தது. அந்த வாடைக்கு முன்னால் நின்றேன். எத்தனை நாளாக அழுகுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று நாள். அந்தக் கணக்கு என்னைக் கேட்காமல் தானாகவே வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"நீங்க எழுதிக்கினு இருந்தீங்க" என்றாள். "வலிக்கவும் இல்ல. இன்னும் ரெண்டு நாளுதானேன்னு இருந்துட்டேன்."

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகன் அங்கேயே நேராக வந்துவிட்டான். டாக்டர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றார். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், அதுவும் நாளைக்கே, ரத்தத்தில் ஏறிவிட்டால் உயிரே தங்காது என்றார். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கமாக ஆபரேஷனுக்கான சம்மத ஃபாரத்தைத் தள்ளினான். கையெழுத்துப் போட்டேன். ஷிப்மென்ட் பேப்பரில் போடுவதுபோல் ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். அன்று பாக்கி இருந்த ஒன்றரைப் பக்கத்தை வார்டு வாசலில் உட்கார்ந்து எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை அவளை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முப்பதாம் நாள். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். காரிடாரில் பெஞ்சு. பையில் நோட்டு இருந்தது. எடுத்தேன். பிரித்தேன். எழுதினேன். சும்மா உட்கார எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு நாள்கூட நான் சும்மா உட்கார்ந்ததில்லை. என்ன எழுதினேன் என்பது இப்போது ஞாபகமில்லை. அந்த நோட்டை நான் மறுபடி திறக்கவில்லை. ஆனால் ஏழு பக்கம் இருந்தது. மருமகளிடம் நீட்டினேன். அவள் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஊழியர் வெளியே வந்து எங்கள் பேரைக் கூப்பிட்டார். எடுத்த காலை நீங்கள் கொண்டுபோய்ப் புதைக்கிறீர்களா, நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஆயிரக்கணக்கான தோலைக் கையால் புரட்டியவன் நான். பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். மகன்தான் போனான். என்ன சொன்னான், என்ன செய்தான் என்று அவனும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் வாத்தியார் போன் செய்தார். நாலு பேரில் நான்தான் முதல் என்றும், அடுத்த கூட்டத்தில் சால்வை போடப்போவதாகவும், தன் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள், சத்தமாக இருக்கிறதே என்று கேட்டார். வெளியே வந்திருக்கிறேன் என்றேன். கூட்டத்துக்கு நான் போகவில்லை. சால்வையைக் கூரியரில் அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. அவள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகிறாள். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. சமையல் இப்போது மருமகள் தலையில். மகன் என்னோடு யூனிட் விஷயம் மட்டும் பேசுகிறான். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒன்று சொன்னார். இன்னொரு கால் இருக்கிறதே, அதைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும், உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். நான் பார்க்கிறேன் என்றேன்.

முதல் ஒரு வாரம் அவள் விடவில்லை. புருஷன் காலைத் தொடுவதா என்று புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். மருமகள் பார்க்கட்டும் என்றாள். நான் கேட்கவில்லை. காலையில் காபி குடித்தவுடன் அவள் முன்னால் தரையில் உட்காருகிறேன். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்க்கிறேன். பிறகு டாக்டர் காட்டிக் கொடுத்தபடி விரலால் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கிறேன். முதலில் எல்லாம் தெரியுது, தெரியுது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று காலை குதிகாலில் அழுத்திவிட்டுக் கேட்டேன்.

"நீங்க அழுத்தறது கண்ணுக்குத் தெரியுது, அதனால சொல்றேன்" என்றாள். "கண்ண மூடிக்கினா அங்க யாருமே இல்லிங்க."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டாள். குதிகாலிலிருந்து மேலே ஒவ்வொரு விரல்கடையாக அழுத்திக்கொண்டே போனேன். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வந்த பிறகுதான், "இங்க" என்றாள்.