சிந்தாமல் ஆயில் மாற்றிய ஞாயிறு

என் மருமகள் தன் மோட்டார் சைக்கிளுக்குத் தானே ஆயில் மாற்றுவாள். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து அடப்பாவமே என்பதுபோல் தலையை ஆட்டுவார்கள். பாவப்பட ஒன்றும் இல்லை. அவள் அந்த வேலையைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பதைப்போல எனக்குப் பிடித்த பொழுது வேறில்லை.

காட்டுப்பாக்கத்தில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகன் வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறான். அவன் விட்டுப்போன வண்டியில்தான் மருமகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாள். உருப்படிகளை அளந்து பார்த்துத் தேர்வு செய்கிற வேலை. முதல் ஷிப்ட் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் ஒரு நாள் போய்விடுகிறது. அதனால் தானே செய்யக் கற்றுக்கொண்டாள்.

முதல் தடவை நன்றாக வரவில்லை. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, துணி ஊற வைக்கிற பேசினை வைத்தாள். இன்ஜினின் அடியில், பக்கவாட்டில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் பேசினுக்குள் விழாமல் அதைத் தாண்டிப் போய் விழுந்தது. தாள் ஊறி, போர்ட்டிகோ தரையில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறை. அவள் கை கழுவ உள்ளே போனாள். உதவி செய்கிறேன் என்று நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, தினமும் வாசல் கழுவுகிற மாதிரி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினேன். தண்ணீர்மேல் ஏறிக்கொண்டு ஆயிலும் போனது. கேட் வரைக்கும் போனது. கேட்டருகில்தான் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தினமும் கோலம் போடுவார். மறுநாள் அவர் இழுத்த கோடெல்லாம் பழுப்பாகிப் பிசுபிசுத்தது.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"இன்னா தங்கச்சி இது, ஊடா மெக்கானிக் கடையா?"

"தப்புதான்க்கா. என் கை தவறிடுச்சு. சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இனிமே இந்த வண்டிக்கு இங்க ரிப்பேர் வேல கெடையாது. மீறி ஒரு பொட்டு உழுந்துச்சு, வண்டிய தெருவுல வுட்டுக்கோ. உள்ள ஏறக்கூடாது."

தெருவில் விட முடியாது. எங்கள் தெருவில் வெளியே நின்ற இரண்டு வண்டிகள் அந்த மாதம்தான் காணாமல் போயிருந்தன. வண்டி போனால் அவள் முதல் ஷிப்டுக்குப் போவது எப்படி? அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

மருமகள் சிமெண்ட் தூளைத் தூவி, ஒரு நாள் விட்டுப் பெருக்கி, மறுபடி தூவி, நாலு நாளில் கறையை ஏறக்குறைய எடுத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் போய் நின்று பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். ஆனாலும் ஒரு மத்தியானம் மாடி ஏறினேன்.

"இன்னா பெரிம்மா, முட்டி வலின்னுகினு இருந்தீங்க, மேல ஏறி வந்துகீறீங்க. கூப்ட்டா நான் வரமாட்டனா?"

"தண்ணி ஊத்துனது நான்மா. அவ செஞ்ச கறை ஒரு தட்டு அளவுதான். கேட் வரைக்கும் இழுத்து உட்டது நான்."

அவர் சிரித்துவிட்டார்.

"எண்ணெயில தண்ணி ஊத்தலாமா பெரிம்மா? இத்தினி வயசுக்கு அது தெரியாதா உங்களுக்கு?" என்றார். எழுந்து எனக்கு மோர் கொண்டுவந்தார். "சரி. ஒரே ஒரு தபா. நான் கூட நிப்பேன். ஒரு பொட்டு உழுந்துச்சுன்னா வண்டி தெருவுலதான். அதுல மாத்தமில்ல."

கீழே வந்து சொன்னதும் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோல வேலையில் இறங்கினாள்.

முதலில் ஆயில் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில், வண்டியில் இருக்கும் ஓட்டையின் அளவுக்கே ஒரு ஓட்டை போட்டாள். போல்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்தில் அதைப் பிடித்துக் குளியலறையில் தண்ணீர் விட்டாள். முதலில் ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. பாட்டில் காலியாகக் காலியாகக் கிட்டே கிட்டே வந்தது. கடைசியில் பாட்டிலை ஒட்டிக்கொண்டு நேராக வழிந்தது.

"பாத்தீங்களா அத்தை. எவ்ளோ புடிக்கும்னு பாத்து பேசின் வாங்கக் கூடாது. எங்கெல்லாம் விழும்னு பாத்து வாங்கணும். அகலம் வேணாம், நீளம் வேணும்."

வீட்டில் சமையல் எண்ணெய் வாங்கும் ஐந்து லிட்டர் கேன் காலியாக இருந்தது. அதைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்தாள். நீளமான தட்டாகிவிட்டது. கேனின் மூடி அப்படியே ஓரத்தில் இருந்தது. வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து சாய்த்தால் பழைய ஆயில் அந்த வாய் வழியாகப் பாட்டிலுக்குள் போய்விடும். கடையில் இதற்கென்று விற்கும் தட்டைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றியது. நான் மாதா மாதம் தூக்கிப்போட்ட கேன் அது.

சொந்தமாக ஒரு ஸ்பேனர் வாங்கப் பூந்தமல்லிக்குப் போனபோது என்னையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். போவதற்குமுன் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை எடுத்து வண்டிக்கு அடியில் இருந்த போல்ட்டில் அழுத்தி, அச்சைக் கெடாமல் டிபன் மூடியில் வைத்துக்கொண்டாள். அளக்கிற கருவி கம்பெனியில் இருக்கிறது, வீட்டில் இல்லையே.

கடைக்காரர் மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, போளியா?"

"போல்ட்டுண்ணா. இதுக்கு ஸ்பேனர் குடுங்க."

அவர் வாயைக் கூட்டவும் குறைக்கவும் ஆகிற ஸ்பேனர் ஒன்றை எடுத்துப் போட்டார். "இத்த எடுத்துக்கோக்கா. எல்லா போல்ட்டுக்கும் ஆவும்."

"எல்லாத்துக்கும் ஆவறது எதுக்கும் சரியா உக்காராதுண்ணா. வழுக்கி போல்ட்டு மூலையத் தின்னுடும். ரிங் ஸ்பேனர் குடுங்க."

அவர் ஒவ்வொன்றாக மாவு அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். பதினேழாம் நம்பர் பொருந்தியது. "எந்த ஒர்க்‌ஷாப்புக்கா நீ?" என்று கேட்டார். "ஊட்லதாண்ணா" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவள் கவனிக்கவே இல்லை, கழுத்து வளைகிற புனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஆயில் ஊற்றும் வாய் சாய்வாக இருக்கிறது, நேர்ப்புனல் நிற்காதாம். போல்ட்டுக்கு ஒரு புது வாஷரும் வாங்கினாள். மாற்றுகிற அன்றைக்கு மட்டும் சிந்தாமல் இருந்தால் போதாது, பழைய வாஷர் அதற்குப்பிறகும் சொட்டும் என்றாள். பக்கத்துப் பாத்திரக்கடையில் ஒரு டீ வடிகட்டி.

"இது எதுக்கும்மா?"

"போல்ட்டு கையவிட்டு நழுவுனா ஆயிலுக்குள்ள தொபுக்னு விழுந்து தெறிக்கும் அத்தை. இத கீழ ஏந்திக்கிட்டா தெறிக்காது." வீட்டுக்கு வந்ததும் அதன் காம்பில் சிவப்பு நகப்பாலிஷ் தடவினாள். "இது கிச்சனுக்கு வராது, பாத்துக்கோங்க."

ஞாயிறு காலை. ஆடி மாதம். வீட்டுக்கார அம்மா சொன்னபடியே வந்தார். சும்மா நிற்கப் பிடிக்காமல் முறத்தில் அரிசியோடு வந்து, படியில் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். கண் மட்டும் வண்டியில் இருந்தது.

மருமகள் வண்டியை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினாள். கை பொறுக்கும் சூடு, அதற்குமேல் கூடாது. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் அட்டையும் அதன்மேல் கேன் தட்டும் வைத்தாள். ஸ்பேனரை ஒரு தடவை அழுத்தினாள், போல்ட் இளகியது. பிறகு விரலால் சுற்றினாள். கடைசிச் சுற்றில் போல்ட் நழுவி வடிகட்டியில் விழுந்தது. ஆயில் வளைந்து போய்த் தட்டின் கோடியில் சரியாக விழுந்தது. தண்ணீரில் பார்த்ததுபோலவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை.

அப்போதுதான் காற்று வந்தது. ஆயில் நூலாக மெலிந்துவிட்ட நேரம். கேட் பக்கமிருந்து அடித்த காற்றில் அந்த நூல் ஊஞ்சல்போல ஆடித் தட்டின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. மருமகள் ஒரு கையில் ஆயில் சொட்டும் வடிகட்டியும், மறு கை தட்டின் விளிம்பிலுமாக இருந்தாள். எதையும் விட முடியாது. அவள் கணக்கில் காற்று இல்லை.

"பெரிம்மா, முந்தானிய புடிங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. நான் பிடிப்பதற்குள் முறத்து அரிசி முழுவதும் என் மடியில் இருந்தது. அவர் வெறும் முறத்தோடு தரையில் குந்தி, காற்று வரும் பக்கம் அதை அணையாக வைத்தார். நூல் நேராக நின்றது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்க்கா."

"தெரியுது, நீ உன் கையப் பாரு. ஆட்டாத."

"சொட்டு நின்னுடுச்சுக்கா. எடுத்துடலாம்."

"நிக்கல. அதோ ஒண்ணு தொங்குது பாரு. இரு, அவசரப்படாத."

இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தக் கடைசிச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழ நேரமெடுத்தது. நான் அரிசியைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அதற்குப்பிறகு புது வாஷர், போல்ட், புனல், புது ஆயில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேனைச் சாய்த்துப் பழைய ஆயிலைப் பாட்டிலில் அடைத்து மூடினாள். அட்டையை எடுத்தபிறகு வீட்டுக்கார அம்மா தரையை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பி வெயிலில் பார்த்தார். வெறும் புழுதிதான்.

"வண்டி உள்ளயே நிக்கட்டும் தங்கச்சி" என்றார். மருமகள் நன்றி சொல்ல வாயெடுக்குமுன், "அடுத்த தபா காத்துக்கு முன்னாடியே என்னக் கூப்டு" என்று சொல்லிவிட்டு, என் மடியிலிருந்த அரிசியைக் கை கையாக முறத்தில் அள்ளத் தொடங்கினார்.