ராசாவின் கன்னத்தில் ஒரு வெட்டு

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, களக்காட்டுப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு ஒரு பானையில் இருபத்திரண்டு ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதையல் சர்க்காருக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். காசுகள் எங்கள் ஆபீசுக்கு வந்தன. எது எந்த ராசாவின் காசு என்று பட்டியல் எழுதி மதராசு மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும். "மூக்கப் பாத்தே பேரச் சொல்லிருவேன் எசமான்" என்று தாசில்தாரிடம் சொன்ன மடையன் நான்தான். ரோமாபுரி ராசாக்களின் படம் போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அந்தத் திமிர்.

புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தால் எல்லா ராசாவுக்கும் ஒரே மூக்கு. தலையில் இலைமாலை, சுற்றிலும் இடைவெளியே விடாத எழுத்து, அதுவும் பாதி தேய்ந்தது. பின்பக்கம் ஒரு அம்மாள் கிளையைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் ஒரு ராசா. கேடயத்தோடு இரண்டு பிள்ளைகள் நின்றால் அவருக்கு முந்தியவர். இப்படியே ஒப்பேற்றினேன். பதினேழாவது காசு மட்டும் சிவப்படித்துக் கிடந்தது. வெள்ளிதானா என்று சந்தேகம். தாசில்தார் மறுநாள்தான் வருவார். காசை மடியில் சொருகிக்கொண்டு, தச்சநல்லூரில் எனக்குப் பழக்கமான தட்டாசாரியிடம் போனேன்.

"இது வெள்ளியான்னு பாரும்" என்றேன்.

ஆசாரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார், காசைப் பட்டறையில் வைத்தார், உளியால் ஒரே தட்டு. ராசாவின் கன்னம் பிளந்தது.

"வெள்ளிதாம்வே. செம்பா இருந்தா உள்ள பல்லக் காட்டிருக்கும்."

"அட பாவி மனுசா, சர்க்கார் சொத்துவே! என் வேல போச்சு!"

"பாக்கச் சொன்னீரு, பாத்தேன். தடவிப் பாத்துச் சொல்லுததுக்கு நான் என்ன குறிகாரனா?"

வேலை போனால் வீட்டில் ஏழு வாய். ஆபீசுக்குத் திரும்பி, மற்ற காசுகளை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் கோடு கோடாக மண் அப்பியிருந்தது. குச்சியால் நோண்டினேன். மண்ணுக்கு அடியில் வெட்டு! ஒன்பது ராசாக்களுக்கு, அதே கன்னத்தில். அந்தக் காலத்திலும் ஏதோ ஒரு ஆசாரி உள்ளே செம்பா என்று பார்த்திருக்கிறான். அவனிடமும் எவனோ ஒரு குமாஸ்தா "பாரும்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான்.

உயிர் வந்தது. ஒரே வித்தியாசம், அந்த வெட்டுகள் கறுத்திருந்தன; என்னுடையது பளபளத்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து அதில் அப்பினேன். பட்டியலில் 'பழைய வெட்டு' என்று எழுதினேன்.

மறுநாள் தாசில்தார் பூதக்கண்ணாடியை வைத்துக் காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழாவதைத் தொட்டவர், யோசனையாக மூக்கைச் சொறிந்தார். மூக்கு கறுத்தது. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னவே, இந்த ராசா மட்டும் கண்மை போட்டிருக்காரு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

"நடந்தத நடந்தபடி பட்டியல்ல எழுதும். மதராசுக்காரங்க பாத்துக்கிடுவாங்க."

எழுதினேன். மூன்று மாதம், தபால் வரும் நேரமெல்லாம் ஆபீஸ் வாசலிலேயே நின்றேன்.

கடைசியில் பட்டியலின் நகல் திரும்பி வந்தது. ராசாக்களின் பெயர்களில் பதினான்கைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். ஒன்பது வெட்டுகளுக்கு எதிரே, யார் வெட்டியது என்று தெரியவில்லை என்ற குறிப்பு. வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதினேழாவது வரியில் நான் எழுதியதில் மட்டும் சிவப்பு மையே படவில்லை: 'புதிய வெட்டு. ஆசாரி வெட்டியது, நான் கேட்டதால்.'