பெரியப்பாவின் வைப்ரட்டோ

பதினொரு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் அதிகமில்லை. கிடார் வகுப்பில் மாஸ்டர் எனக்கு வைப்ரட்டோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். கம்பியை அழுத்திய விரலை எடுக்காமலே லேசாக ஆட்டி, நேராக நிற்கும் ஸ்வரத்தை அசையவிடுவதுதான் வைப்ரட்டோ. விரலை ஆட்டினால் வராது. பூட்டில் சாவி திருப்புவதுபோல மணிக்கட்டு திரும்ப வேண்டும், ஒவ்வொரு அசைவும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எனக்கு அது மட்டும் படியவில்லை. ஆரம்பத்தில் படபடவென்று துடித்துவிட்டுப் பாதியில் படுத்துவிடும். "அவசரக் கை" என்பார் மாஸ்டர். வித்தை விரலுக்கு வருமுன்பே அதைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தேன். சோற்றுத் தட்டின் விளிம்பிலும் பஸ்ஸின் ஜன்னல் கம்பியிலும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பழகினேன்.

வகுப்பு ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீடு கே.கே. நகரில். அப்பா வந்து அழைத்துப்போகும்வரை அம்மா மண்டபம் ரோட்டிலிருந்த பெரியப்பா வீட்டில் இருப்பேன். அங்கேதான் ஒருநாள் அதைப் பார்த்தேன். பெரியப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடிமேல் அவருடைய இடது கை, அளவு பிசகாமல், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

"பெரியப்பா, நீங்களும் வைப்ரட்டோ பழகுறீங்களா?"

அவர் அந்தக் கையை மடியில் இழுத்துக்கொண்டு மற்றக் கையால் மூடினார்.

"ஆமா பாப்பா. உன்னப் பாத்துத்தான். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, கிண்டல் பண்ணுவா."

குருவை மிஞ்சிய சீடன் என்பார்கள். இவர் பாடம் தொடங்கும் முன்பே மிஞ்சிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான்தான் டீச்சர். வேகத்தைக் குறைக்கச் சொல்லி நான் அதட்டினால், "சரிங்க டீச்சர்" என்று கேட்டுக்கொள்வார். ஆனால் ஒருநாளும் குறைத்ததில்லை.

அக்கா என்பது பெரியப்பாவின் ஒரே மகள். அப்போது அந்த வீட்டில் அவளுடைய கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. எத்தனையோ இடம் தட்டிப்போன பிறகு மணப்பாறையிலிருந்து ஒரு வரன் வந்தது. அந்தப் பையனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. பையனின் அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. "எல்லாம் துருவித் துருவி விசாரிப்பாங்களாம். குடும்பத்துல யாருக்காவது நோய் நொடி இருக்கான்னு கூட கேப்பாங்களாம்" என்று பெரியம்மா என் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். கேட்டால் கேட்கட்டுமே, நாம்தான் எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பை நிறைய முறுக்கோடு வந்தார்கள். கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று. காபி வந்தபோது பெரியப்பா தனக்கு வேண்டாமென்றார். "அதெப்படிங்க, எங்களோட நீங்களும் குடிங்க" என்று பையனின் அம்மா விடவில்லை. வேறு வழியில்லாமல் கையில் வாங்கினார். டபராவில் டம்ளர் கிடுகிடுவென்று தட்டியது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கதவோரம் நின்ற அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

என் சீடரின் திறமையை நாலு பேர் தப்பாக நினைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"அது நடுக்கம் இல்லங்க, வைப்ரட்டோ" என்றேன்.

சொன்னதோடு நிற்காமல் உள்ளே வைத்திருந்த என் கிடாரைக் கொண்டுவந்து பெரியப்பாவின் மடியில் வைத்தேன்.

"இவதாங்க எனக்கு டீச்சர்" என்று அவர் சிரிக்க முயன்றார். கம்பியில் அவர் விரலை அழுத்த வைத்து நான் மீட்டினேன். ஸ்வரம் அலை அலையாக அசைந்தது. பையனின் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

"வேகம் ஜாஸ்தி, பெரியப்பா. நம்ம நெனச்சப்ப நிக்கணும்."

"நிறுத்தத்தான் பாக்குறேன் பாப்பா."

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மறுபடியும் மீட்டினேன். அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பையனின் அப்பா எழுந்து வந்தார். பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிமேல் ஆடிக்கொண்டிருந்த கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். சத்தம் அடங்கிவிட்டது.

"போதும் சம்பந்தி" என்றார். "கல்யாண வேலைக்கு நீங்க ஒண்ணும் அலைய வேணாம். நாங்க இருக்கோம்."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அக்கா நின்ற இடத்திலேயே அழுதாள். பெரியப்பா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை, தன் கையைப் பொத்தியிருந்த அந்தக் கையை விடவும் இல்லை.

எனக்கோ ஆத்திரம். ஸ்வரம் முடியும் முன்பே இப்படிக் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாரே, சங்கீதம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் வீட்டுக்கா நம் அக்கா வாழப் போகிறாள் என்று அன்று முழுவதும் வருத்தப்பட்டேன்.