ஒதுக்கி வைத்த குச்சி

சீனாவின் ஜியன்யாங்கில் லியன் ஆசிரியரைப் பார்த்துக்கொள்ள நான் போனபோது, பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. சர்க்கரை வேறு. பிள்ளைகள் இல்லை. மனைவி மெய்சூவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது.

பள்ளியில் பழைய இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் குலக்கோயில் கூடத்தில் பழைய குறிநூலுக்கு விளக்கம் சொல்லிவந்தார். சோங் அரசர் காலத்து அறிஞர்களில் ஒரு சாரார் அதை ஒழுக்க நூல் என்றார்கள். இன்னொரு சாரார் குறி கேட்கத்தான் எழுதியது என்றார்கள். இவர் இரண்டாவது கட்சி. ஆனால், கடமை இன்னதென்று தெரிந்த விஷயத்தில் குறி கேட்கக் கூடாது என்பார். அது குறி பார்க்கும் குச்சிகளை ஏய்ப்பதாம்.

இடது கால் விரல்கள் கறுத்தன. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். பெற்றவர்கள் கொடுத்த உடம்பை முழுசாகத்தான் திருப்பிக் கொடுப்பேன் என்றார் இவர். மெய்சூ அழவில்லை, கெஞ்சவில்லை. கடைசியில் அவரே குச்சிகளைக் கேட்டார்.

மொத்தம் ஐம்பது. ஒன்றை மேசையில் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக் குச்சிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இரு பங்காகப் பிரிக்க வேண்டும். அவருக்கு இருந்தது ஒரு கை. இன்னொன்றுக்கு நான் என் கையை நீட்டினேன்.

"அக்கா, கைய மட்டும் குடுங்க. யோசிக்காதீங்க," என்றார் ஆசிரியர்.

"யோசிக்க எனக்கு எங்க நேரம்? புண்ணுக்குக் கட்டு மாத்தணும், சீக்கிரம் ஆகட்டும்."

மெய்சூ கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"என்னன்னு கேக்கப் போறீங்க?"

"கால எடுக்கலாமா, வேண்டாமான்னு."

"கால்தான் இப்ப பிரச்சினையா? 'கண்ணு தெரியாத இவளத் தனியா விட்டுட்டுப் போகலாமா'ன்னு கேளுங்க. வாய்விட்டுக் கேளுங்க கிழவா, நானும் காதால கேட்டுக்கறேன்."

கேள்வியை உரக்கச் சொன்ன பிறகுதான் குச்சிக்கட்டைப் பிரிக்க வேண்டும், அதுதான் முறை. குச்சிக்கட்டு எங்கள் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. என் தோள் வலிக்க ஆரம்பித்தது.

"இதக் கேக்க முடியாது," என்றார்.

"ஏன்?"

"பதில் தெரியுமே."

"அப்ப கஞ்சியக் குடிங்க. ஆறிடுச்சு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் காலை எடுத்தார்கள். புண் சுத்தமாக ஆறியது. ஞாயிறு வகுப்புக்கு அவர் திரும்பப் போகவில்லை. மெய்சூவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினார். மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கும்.

குச்சிக்கட்டைப் பெட்டியில் வைத்தது நான்தான். ஒதுக்கி வைத்த ஒன்று மேசையிலேயே இருந்தது. எடுத்து வை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. துடைக்கும்போது அதைத் தூக்குவேன். துடைத்ததும் அதே இடத்தில் வைப்பேன்.