செவ்வாய்க்கிழமை மேசை

எங்கள் ஒயின் ஆலையில் தெமெத்ரியோ பீப்பாய்க்காரன், நான் தொட்டிக்காரி. அவன் பக்கம் பழைய முறை. திராட்சையைக் குலையோடு கல்தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, அந்த ஒயினை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்திவைப்பான். என் பக்கம் எஃகுத் தொட்டிகள்; பொத்தானைத் தட்டினால் சூடு கூடும், குறையும். இரண்டையும் கலந்துதான் எங்கள் சிவப்பு ஒயின். "உன் பொத்தானுக்கு மிதிக்கத் தெரியுமாடி?" என்பான். "உன் காலுக்குக் குளிக்கத் தெரியுமாய்யா?" என்பேன். இருபது வருடமாக இதே சண்டை.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபின் மேட்டுத் தெரு வீட்டில் தனிக்கட்டை. குளிர்காலத்தில் எங்கள் ஊர்த் தெருவில் நாய்கூட நிற்காது. வாரத்தில் அவனோடு பேசியவர்களை எண்ணினால் ரொட்டிக்கடைக்காரியும் நானும்தான் தேறுவோம். நான் பேசியதில் பாதி திட்டு.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. அன்று முதலாளி பெகோன்யா எங்களில் ஐந்து பேரை மேசையில் உட்காரவைத்து, எந்தப் பீப்பாயை எந்தத் தொட்டியோடு சேர்க்கலாம் என்று ருசி பார்க்கச் சொல்வாள். வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடக் கூடாதே என்று அவள் அப்பா வைத்த சட்டம். மூத்தவன் தெமெத்ரியோ. கடைசியில் எல்லாரும் அவன் பக்கம் திரும்புவோம். "நீ சொல்லு தெமெத்ரியோ, உனக்கு எப்படி இருக்கு?" அவனை யாராவது அப்படிக் கேட்பது அந்த ஒரு இடத்தில்தான். அதற்கென்றே அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான்.

இந்தப் பிப்ரவரியில் பெகோன்யா சட்டத்தை மாற்றினாள். இனி பேச்சு கிடையாது, முதலில் அவரவர் தாளில் எழுத வேண்டும், பிறகு அவள் வாசிப்பாள். அறிவிப்பு வந்த அன்றே தெமெத்ரியோ என் தொட்டிகளுக்கு நடுவே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"லெய்ரே, எனக்கு வாசனை தெரியல."

"சளியா?"

"ரெண்டு வருஷமாச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சில்ல, அதுக்கு அப்புறம் வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. வெங்காயம்கூட."

எனக்கு வந்ததே கோபம்! இரண்டு வருடமாக மேசையில் நாங்கள் சொன்னதையெல்லாம் பிசைந்து, கொஞ்சம் ஜோடனை சேர்த்து, கடைசியில் பேசியிருக்கிறான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறோம்.

"யோவ், காலிப் பீப்பாயை மோந்து பார்த்துச் சரின்னு சாக்பீஸ் கோடு போடுறது நீதானே? அதுவும் நடிப்பா?"

"கழுவின பீப்பாய்தானேன்னு போட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "என்னை அந்த மேசையில இருந்து எழுப்பிடுவாங்க லெய்ரே. வேற எதுக்கும் நான் பயப்படல."

திட்ட வந்தவள் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒயின் கெட்டிருந்தால் நான் இடது காதைத் தொடுவது என்று முடிவானது. நாற்பத்தாறு வயதில் பரீட்சையில் காப்பியடிக்க உதவி செய்கிறேன், வெட்கக்கேடு.

செவ்வாயன்று முதல் இரண்டு கோப்பைகளில் குறையில்லை. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதும் தூக்கிவாரிப் போட்டது. ஒயின் புளித்துக் காடியாகியிருந்தது. அசல் காடி. கோப்பையின் அடியில் பீப்பாய் எண் ஒட்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் தெமெத்ரியோ சரியென்று கோடு போட்ட பீப்பாய்களில் ஒன்று. காதைத் தொட்டால் தான் போட்ட சாக்பீஸ் கோட்டை அவனே பொய்யாக்குவான். தொடாவிட்டால் ஐந்து தாளில் அவன் தாள் மட்டும் காடியை நல்லது என்று சொல்லும். எப்படிப் பார்த்தாலும் மாட்டினான். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டேன்.

பெகோன்யா ஐந்து தாள்களையும் வாசித்தாள். ஐந்திலும் காடி.

"இந்தப் பீப்பாய்க்குச் சரி போட்டது யாரு?"

தெமெத்ரியோ எழுந்தான். "நான்தான்."

"அன்னைக்கு உன் மூக்கு எங்க போச்சு?"

"ரெண்டு வருஷமாவே இல்ல. இன்னைக்கு எழுதினதும் லெய்ரேவைப் பார்த்துத்தான். அவளைத் திட்டாத, நான்தான் கெஞ்சினேன்."

பெகோன்யா நல்லவள், கத்தவில்லை. வேலையும் போகவில்லை. ஒயினைப் பீப்பாய் மாற்றும்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெளிவு பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தாள். அதற்குக் கண் போதும். மேசையில் மட்டும் நான்கு நாற்காலி ஆனது. வாசலில் என்னை நிறுத்தி, "அவன்கிட்ட அப்பப்ப ரெண்டு வார்த்தை பேசு, என்ன?" என்றாள்.

அடுத்த செவ்வாய் மேசையிலிருந்து எழுந்து நேரே பீப்பாய் அறைக்குப் போனேன். தனியாக நின்று ஒரு கோப்பையைச் சுடருக்கு நேரே பிடித்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது.

"நேத்து ராத்திரிக்கு என்னய்யா சமைச்ச?"

திரும்பிப் பார்த்தான். "உருளைக்கிழங்கும் சோரிசோ இறைச்சியும். உப்பைக் கரண்டியால அளந்துதான் போடுறேன். வாய நம்ப முடியல." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு கேக்கச் சொன்னா? பெகோன்யாவா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேட்டேன்."

"அப்ப நாளைக்கும் கேளு."

மறுநாள் என் பெரிய தொட்டியில் குளிரூட்டி நின்றுபோனது. காலையிலிருந்து இருட்டும்வரை குழாயோடும் திருப்புளியோடும் மல்லாடினேன். வியாழக்கிழமைதான் அவன் பக்கம் போக முடிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்.

"செவ்வாய் ராத்திரி கொண்டைக்கடலை வச்சேன். பசலைக்கீரை போட்டு. நேத்து நீ கேட்டா சொல்லலாம்னு வச்சேன்."