அரசியல் சட்டத்தில் விடுபட்ட சொல்

வயலட் பாஜி எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். லாகூரில் உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால், சட்டப் புத்தகம் மட்டுமே அடிக்கும் சின்ன அச்சகம். நான் மிஷின்மேன், அவரை அக்கா என்ற பொருளில் பாஜி என்பேன். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது, கணவர் இல்லை, கடி ஷாஹூவில் கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் சந்தில் தனியாக இருந்தார். கமா ஒன்று இடம் மாறினால்கூட முகம் சுளிப்பார். அவர் கண்ணைத் தாண்டிப் பிழை வெளியே போய் நான் பார்த்ததில்லை.

புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் அச்சுத் தாளைப் பார்ப்பார். வாசிப்பவர் ஹாஃபிஸ் சனாவுல்லா. குர்ஆன் முழுவதும் மனப்பாடம், அதனால்தான் ஹாஃபிஸ் என்ற பட்டம். நோன்பு மாதம் வந்தால் அவர் தெரு மசூதியில், குர்ஆனை மனப்பாடமாக ஓதும் தராவீஹ் இரவுத் தொழுகையை நடத்துவது அவர்தான். பதினெட்டு வருஷமாக ஓர் எழுத்து பிசகாமல் ஓதியவர் என்று பெயர். சட்டத்தையும் அதே ராகத்தில் வாசிப்பார். வயலட் பாஜி சிரிப்பார்.

"ஹாஃபிஸ்ஜி, இது குத்தகைச் சட்டம். அழ வைக்காதீங்க."

"நீ காதைக் குடுத்துக் கேளு தங்கச்சி. அழுகை தானா வரும்."

1985 ஏப்ரல். ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த காலம். அரசியல் சட்டத்தைத் திருத்தி உத்தரவு வந்திருந்தது. நாடு பிறந்த புதிதில், 1949இல், ஒரு தீர்மானம் போட்டார்கள்: ஆட்சியுரிமை அல்லாஹ்வுக்கே, முஸ்லிம்கள் இஸ்லாம் சொல்லும்படி வாழ வழி செய்யப்படும், சிறுபான்மையினர் சுதந்திரமாகத் தங்கள் மதத்தைப் பின்பற்ற வழி செய்யப்படும் என்று. அது இதுவரை வந்த ஒவ்வொரு அரசியல் சட்டத்துக்கும் முன்னுரையாக இருந்தது. இப்போது அதைச் சட்டத்தின் உடம்பிலேயே சேர்த்துவிட்டார்கள். இனி அதை வைத்து வழக்காடலாம். வக்கீல்கள் புதுப் பதிப்பு கேட்டுக் எங்கள் அச்சகக் கடை வாசலில் நின்றார்கள். உத்தரவு வந்த அன்று ஹாஃபிஸ்ஜி எங்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "முப்பத்தாறு வருஷமா வாசல்ல நின்னது இன்னைக்கு வீட்டுக்குள்ள வந்துருக்கு" என்றார்.

புத்தகத்தின் முன்னால் பழைய முன்னுரை, பின்னால் இணைப்பாக அதே தீர்மானம். இணைப்பை வாசிக்கும்போது வயலட் பாஜி கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. அந்த வரிய மறுபடி படிங்க."

படித்தார். சிறுபான்மையினர் தங்கள் மதத்தைப் பின்பற்ற வழி செய்யப்படும். அவ்வளவுதான்.

"சுதந்திரமாகன்னு ஒரு சொல் இருக்கணுமே."

"இதுல இல்ல."

"முன்னுரையில இருக்கு. எத்தனை பதிப்பு பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மூலமான அரசிதழை அவரிடமிருந்து வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இல்லைதான். யாராவது தவறவிட்டார்களா, தெரிந்தே எடுத்தார்களா, எங்களுக்கு எப்படித் தெரியும்?

"விட்டுடு தங்கச்சி. மூலத்துல இல்லாதத நாம போடக்கூடாது."

"போடல. கேள்வி மட்டும் கேக்கறேன்."

ஓரத்தில் பென்சிலால் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வட்டமிட்டார். முதலாளி பார்த்து முடிவு செய்யட்டும் என்பது அதன் அர்த்தம். ஆனால் அவசரத்தில் தாள் முதலாளியிடம் போகாமல் நேராகக் கம்பாசிட்டரிடம் போனது. அவன் அதைத் திருத்தம் என்று எடுத்துக்கொண்டு எழுத்தைக் கோத்துவிட்டான். நான் அறுநூறு தாள் ஓட்டினேன்.

நாலாம் நாள் முன்பிரதி வாங்கிய வக்கீல் ஒருவர் கடைக்கு வந்தார். கூட்டம் நிறைந்த நேரம்.

"என்ன ஷேக் சாஹிப், அரசாங்கம் குடுத்ததவிட உங்க அச்சகம் தாராளமா குடுக்குதே! இந்தச் சொல்ல யாரு சேத்தது? உங்க மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி ஷேக் இக்ராமும் சிரித்தார். வக்கீல் போனதும் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"யாரு எழுதுனது?"

வயலட் பாஜி எழுந்தார்.  கையை நெஞ்சில் வைத்தார்.

"அறிவிருக்கா உனக்கு? ராணுவ ஆட்சியில, அரசியல் சட்டத்துல, ஒரு கிறிஸ்தவப் பொம்பள தன் கையால சொல்லு சேத்திருக்கா! என்னையும் சேத்துக் கட்டிவச்சு சவுக்கால அடிப்பாங்க."

அன்றே கைவசம் இருந்த தாள் எல்லாவற்றையும் கட்டிங் மிஷினில் கொடுத்துத் துண்டு துண்டாக்கினேன்.  ஆனால் அந்தப் பென்சில் எழுத்துள்ள புரூஃப் தாளை எவ்வளவு தேடியும் காணோம்.

அடுத்த மூன்று நாளும் வயலட் பாஜி எப்படி வேலைக்கு வந்தாரோ! தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் எழுந்து பின்வாசலைப் பார்ப்பார். மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனார். "அந்தத் தாள் யார்கிட்ட இருக்கு?" என்று என்னிடம் பத்துத் தடவை கேட்டிருப்பார்.

நாலாம் நாள் சாம்பல் நிற சஃபாரி சட்டை போட்ட ஒருவர் வந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடித்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அதே தாள். யார் கொடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

"இது யாரோட கையெழுத்து?"

மெதுவாகத்தான் கேட்டார். மிஷினை நான் நிறுத்தியிருந்தேன். வயலட் பாஜி மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார். விரல் நகமெல்லாம் வெள்ளை.

ஹாஃபிஸ்ஜி முன்னால் வந்தார்.

"கையெழுத்து அவங்களது. சொல்லு என்னோடது."

"புரியல."

"நான் வாசிச்சேன், அவங்க எழுதினாங்க. முன்னுரை எனக்கு மனப்பாடம். நாக்கு பழக்கத்துல அந்தச் சொல்லையும் சேத்துச் சொல்லிருச்சு. சந்தேகப்பட்டுத்தான் அவங்க கேள்விக்குறி போட்டாங்க."

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஹாஃபிஸ்ங்கிறாங்க உங்கள? எதிர்ல எழுதி வச்சதையே தப்பா வாசிக்கிறவர், மனசுல இருக்கறத எப்படிச் சரியா ஓதுவீங்க? எந்த மசூதி உங்களது?"

ஹாஃபிஸ்ஜி மசூதியின் பெயரைச் சொன்னார். காதுமடல் சிவந்துவிட்டது. ஓதுவதில் பிசகாதவர் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே சொத்து. அதோடு, பொய் சொல்கிற மனிதரும் அல்ல. வயலட் பாஜி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். 

ஹாஃபிஸ்ஜியிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவர் போனார். வழக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து நோன்பு பிறந்தது. மசூதிக் கமிட்டி வேறொருவரைத் தராவீஹுக்கு வைத்தது. "ஹாஃபிஸ்ஜிக்கு வயசாச்சு, ஞாபகம் தடுமாறுது" என்றார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு யாரும் அவரை அழைக்கவேயில்லை.

ஒருநாள் வயலட் பாஜி கேட்டார், "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தத் தீர்மானம் உள்ள வரணும்னு தொழுது கேட்டவன் நான். அதை வச்சு உன்ன அடிச்சா நான் யார்கிட்ட போய்ப் பதில் சொல்றது? வேலையப் பாரு."

அதன்பின் வயலட் பாஜி புரூஃபில் கேள்விக்குறியே போட்டதில்லை. மூலத்தில் தப்பு இருந்தால் தப்பாகவே போகும். மத நிந்தனைச் சட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் கடுமையாயின. அவர் பயமும் கூடியது. எழுதிய காகிதம் எதையும் வீட்டில் வைக்கமாட்டார். கடைச் சீட்டைக்கூட அடுப்பில் போட்டுவிடுவார். 1996இல் வேலையை விட்டார். இரண்டு வருஷத்தில் ஹாஃபிஸ்ஜி இறந்தார். இறுதித் தொழுகைக்கு நான் போனேன். பாஜி தெருமுனையில் துப்பட்டாவால் முகத்தை மூடி நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

2010 ஏப்ரலில் நாடாளுமன்றம் திருத்தம் போட்டு அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தது. செய்தித்தாளில் இரண்டே வரி. மறுநாள் வயலட் பாஜி என் வீட்டுக்கு வந்தார். எழுபத்திரண்டு வயது, மூச்சு வாங்கியது.

"ஹாஃபிஸ்ஜி மகன்கிட்ட உண்மையச் சொல்லணும். கூட வர்றியா? தனியாப் போக பயமா இருக்கு."

மகன் உபைதுல்லா மின்சார சாமான் கடை வைத்திருந்தான். போகும் வழியில் பாஜி சிலுவை கோத்த கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் இறுகிக்கொண்டே போனது.

"நோன்பு முப்பது நாளும் எங்கப்பா கடைசி வரிசையில நின்னு தொழுதாரு. பதிமூணு வருஷம். தெருப் பசங்க 'மறதி ஹாஃபிஸ்'னு கூப்பிட்டாங்க. நானே ஒருதடவை அப்படிச் சொல்லியிருக்கேன். அவரு உயிரோட இருந்தப்ப ஏன் வந்து சொல்லல?"

"பயம்" என்றார் பாஜி.

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். திரும்பி வரவில்லை. நாங்கள் வெளியே வந்தோம்.

வழக்குப் போடுவான், ஆள் சேர்த்துக்கொண்டு வருவான் என்று பாஜி அந்தக் கோடை முழுவதும் பயந்துகிடந்தார். போன வருஷம்தான் கோஜ்ரா என்ற ஊரில் கிறிஸ்தவர் வீடுகளைக் கொளுத்தியிருந்தார்கள். மாற்றுத்துணி ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவருகே வைத்திருந்தார்.

நோன்புப் பெருநாளன்று உபைதுல்லா எனக்குப் போன் செய்தான். "தொழுகை முடிஞ்சதும் எழுந்து நின்னு சொல்லிட்டேன். எங்கப்பா தப்பா வாசிக்கல, இன்னொருத்தரக் காப்பாத்தத்தான் பழிய ஏத்துக்கிட்டாருன்னு. பழைய கமிட்டி ஆளு ஒருத்தரு அழுதுட்டாரு. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

நேரில் போய்ச் சொன்னேன். கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"எம்பேரைச் சொல்லலையே?"

"சொல்லல பாஜி."

"அச்சகம் பேரு?"

"அதுவும் இல்ல."

கட்டிலில் உட்கார்ந்தார்.  பிறகு எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.